நாலாவது ஊசிக்கு ஒரு கையெழுத்து

அத்தியாயம் 9

"நீ எடுத்திருந்தா மரியாதையா திருப்பிக் குடுத்துடு. எடுக்கலைன்னா, எடுத்தவனைப் பிடிச்சுக் குடு."

தனி வார்டுப் படுக்கையில் சாய்ந்தபடி பெயிண்ட் ஃபாக்டரி முதலாளி அண்ணியிடம் இப்படிச் சொன்னபோது நொறுக்ஸ் வாயிலிருந்த பிஸ்கட்டை மெல்லுவதையே மறந்தான். பதினோரு வருடமாக இந்த ஆளின் கழுத்தை நெரிப்பதாகக் கனவு கண்டு வந்தவன் அவன். அந்தக் கழுத்து இப்போது ரெண்டடி தூரத்தில், ஒரு பிடிக்குள் அடங்குகிற அளவுக்கு மெலிந்து கிடந்தது.

நொறுக்ஸ் என்பது அவன் அண்ணி வைத்த பெயர். சட்டைப் பையில் எப்போதும் கொறிக்க ஏதாவது வைத்திருப்பான். அண்ணி துப்பறிவாள். கொழுந்தனான இவன் கார் ஓட்டுவான், கதவைத் தட்டுவான், மற்ற நேரத்தில் வாயடிப்பான். அண்ணியின் கணவன், அதாவது நொறுக்ஸின் கூடப்பிறந்த அண்ணன், இந்த முதலாளியின் ஃபாக்டரியில் சூப்பர்வைசராக இருந்தான். ஒரு நாள் மத்தியானம் அங்கே தீப்பிடித்தது. பின் கதவு வெளிப்பக்கம் பூட்டியிருந்தது. ஆறு பேர் கரிக்கட்டையானார்கள்.

பூட்டியது சூப்பர்வைசர்தான் என்று விசாரணையில் முதலாளி சத்தியம் செய்தார். சூப்பர்வைசரும் அந்த ஆறில் ஒருவன். எழுந்து வந்து மறுக்கவா போகிறான்? துக்கம் கேட்கப் போன அண்ணி மேல் மற்ற ஐந்து வீட்டுக்காரர்களும் மண்ணை வாரித் தூற்றினார்கள். அன்றைக்குத் துப்பறியக் கிளம்பியவள் அவள். மற்ற கேஸ்களெல்லாம் வயிற்றுப்பாட்டுக்கு. அந்தச் சாவி யாரிடம் இருந்தது என்கிற இந்த ஒரு கேஸ் மட்டும் வயிற்றெரிச்சலுக்கு.

"ஏன் என்னைக் கூப்பிட்டீங்க?" என்றாள் அண்ணி.

"நான் ஒழியணும்னு நினைக்கிறவங்க யார் யாருன்னு உன்னைவிட யாருக்குத் தெரியும்?"

"பட்டியல் கொஞ்சம் நீளம் சார்," என்றான் நொறுக்ஸ். "அகர வரிசையில வேணுமா, வயசு வரிசையில வேணுமா?"

அண்ணி ஒரு பார்வை பார்த்தாள். அவன் பிஸ்கட்டை மெல்ல ஆரம்பித்தான்.

"என்ன காணாமப் போச்சு?"

"என் தடுப்பூசி. இடது கிட்னியை எடுத்தாங்க. அதுல இருந்த கட்டியைச் சோதிச்சு, எனக்குன்னே ஒன்பது வாரம் உழைச்சு செஞ்சது. மூணு டோஸ் போட்டாச்சு. நாலாவது இன்னிக்கு நாலு மணிக்கு. காலையில பாத்தா ஃபிரீசர்ல குப்பியைக் காணோம்."

"உண்மையான மருந்துதானா? ஆராய்ச்சியில பாதிப் பேருக்கு வெறும் உப்புத் தண்ணிதான் போடுவாங்கன்னு கேள்விப்பட்டேன்."

முதலாளி சிரித்தார். "எனக்கா தண்ணி? என் ராசி தெரியாம பேசறே. டிரிப்ஸ்ல ஏத்தற மருந்து எல்லாருக்கும் உண்டு. இந்த ஊசிதான் சீட்டுக் குலுக்கிக் குடுக்கறது. நான் எந்தச் சீட்டுலயும் தோத்ததில்லை. மூணு ஊசிக்கும் ஒரு நாள் காய்ச்சல் கிடையாது, கைவலி கிடையாது. இரும்பு உடம்பும்மா இது."

அண்ணி நோட்டில் ஏதோ கிறுக்கிக்கொண்டு எழுந்தாள்.

மருந்தறை இரண்டாவது மாடியில் இருந்தது. அங்கே இருந்த மருந்தாளர் இருபத்தைந்து வயதுக்குள் இருக்கும் பெண். நகம் ஒட்ட வெட்டிய விரல், சட்டைப் பையில் ரெண்டு பேனா. ஃபிரீசரைத் திறந்ததும் கதவில் தொங்கிய தாளில் நேரத்தையும் குளிர் அளவையும் குறித்தாள். மூடியதும் மறுபடி குறித்தாள்.

"சும்மா திறந்து காட்டினதுக்குமா?" என்றான் நொறுக்ஸ்.

"திறந்தா எழுதணும் சார். கை தானா எழுதிடும்."

"எனக்கு ஒரு சந்தேகம். தடுப்பூசின்னா நோய் வர்றதுக்கு முன்னாடிதானே போடுவாங்க? வீடு கொள்ளை போனப்புறம் பூட்டு வாங்கற கதையா இருக்கே."

"இது தடுக்கறதுக்கு இல்லை, காட்டிக் குடுக்கறதுக்கு," என்றாள் மருந்தாளர். "உடம்புல போலீஸ் இருக்கு. புத்துநோய் நம்ம வீட்டு ஆள் மாதிரி சட்டை போட்டுக்கிட்டு அவங்க முன்னாடியே நடமாடும். அதோட மூஞ்சியை எடுத்து, தேடப்படும் குற்றவாளின்னு போலீஸ் ஸ்டேஷன்ல ஒட்டற வேலைதான் இந்த ஊசி. டிரிப்ஸ் மருந்து போலீஸ் கையில கட்டியிருக்கற கயித்தை அவுத்துவிடும். ஊசி யாரைப் பிடிக்கணும்னு சொல்லும்."

"அந்தப் படம் வேற ஒருத்தருக்கு உதவுமா?" என்றாள் அண்ணி.

"உதவாது மேடம். இவர் கட்டியோட மூஞ்சி இவர் கட்டிக்கு மட்டும்தான்."

"அப்ப விக்கறதுக்கோ, சொந்தக்காரங்களுக்குப் போடறதுக்கோ யாரும் எடுத்திருக்க முடியாது." அண்ணி சுவரில் ஒட்டியிருந்த நோயாளிகளுக்கான அறிவிப்பைப் படித்துக்கொண்டே கேட்டாள். "யாருக்கு மருந்து, யாருக்குத் தண்ணின்னு யாருக்குத் தெரியும்?"

"இந்த ஆஸ்பத்திரியில எனக்கு மட்டும். பெரிய டாக்டருக்கே தெரியாது. மருந்து கலங்கலா இருக்கும், தண்ணி தெளிவா இருக்கும். அதனால ஊசியைச் சுத்தி டேப் ஒட்டித்தான் வார்டுக்கு அனுப்புவேன். ரெண்டுக்கும் ஒரே குளிர், ஒரே பெட்டி, ஒரே குறிப்பு. வித்தியாசம் காட்டினா என் மூஞ்சியைப் பாத்தே கண்டுபிடிச்சுடுவாங்க. வெளியே சொல்ல மாட்டேன்னு கையெழுத்துப் போட்டுக் குடுத்திருக்கேன்."

"குப்பியோட வேற என்ன காணோம்?"

"ஒரு தெர்மோகோல் பெட்டி. ரெண்டு கிலோ டிரை ஐஸ். மூடியில ஒரு குளிர்மானி."

"டிரை ஐஸை எங்க வேணா ஒளிச்சு வைக்கலாமா?"

"கூடாது மேடம். அது கரையாது, வாயுவாப் போகும். அடைச்ச ரூம்ல வெச்சா உள்ளே போற ஆள் மயங்கி விழுந்துடுவார். மூடியையும் இறுக்கக் கூடாது."

"கேட் வழியா வெளியே?"

"வெளியே போற எல்லாப் பையையும் மெஷின்ல விட்டுத்தான் அனுப்புவாங்க."

அண்ணி நன்றி சொல்லிவிட்டு நேரே முதலாளியின் அறைக்கே திரும்பி நடந்தாள். நொறுக்ஸ் ஓட்டமும் நடையுமாகப் பின்னால் வந்தான்.

"லெட்டரை எடுங்க," என்றாள், உள்ளே நுழைந்ததும் நுழையாததுமாக.

"எந்த லெட்டர்?"

"உங்களைக் கொல்ல நினைச்சவன் குப்பியை வாஷ்பேசின்ல கவுத்துட்டுப் போயிருப்பான். அரை நிமிஷ வேலை. இவன் ரெண்டு கிலோ ஐஸைச் சுமந்திருக்கான். மருந்து கெட்டுப்போகக் கூடாதுன்னு கவலைப்படறான். அப்படின்னா அதை வெச்சு உங்க கிட்ட ஏதோ கேட்டிருக்கான். எடுங்க."

முதலாளி தலையணைக்கு அடியிலிருந்து மடித்த காகிதத்தை எடுத்துப் போட்டார். கம்ப்யூட்டரில் அடித்த நாலே வரி. நொறுக்ஸ் அண்ணியின் தோள் வழியாகப் படித்தான்.

'பின் கதவுச் சாவி யார் பையில் இருந்தது? உன் கையால் எழுதிக் கையெழுத்துப் போட்டு, நாலு மணிக்குள் கீழ்த்தள அறிவிப்புப் பலகையில் ஒட்டு. ஒட்டினால் மருந்து வரும்.'

"எவனோ பைத்தியக்காரன்," என்றார் முதலாளி.

நொறுக்ஸுக்கு உச்சந்தலை வரை ஜிவ்வென்று ஏறியது. ஒரு வரி எழுதினால் உயிர் காக்கும் மருந்து கைக்கு வரும். அதைக்கூட எழுத மனசில்லாமல், எழுதச் சொன்னவனைப் பிடிக்க ஆள் அனுப்புகிறான் இந்தப் பாவி. அண்ணி அவன் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வெளியே வந்தாள்.

"விடுங்க அண்ணி. தேட வேண்டாம். நாலு மணி வரைக்கும் கேன்டீன்ல உக்காந்து காபி குடிப்போம். தானா நடக்கறது நடக்கட்டும்."

"அந்த ஆளுக்காகத் தேடலை. நம்ம கேள்வியையே கேக்கற இன்னொரு ஆள் இந்தக் கட்டடத்துக்குள்ள இருக்கு. அது யாருன்னு எனக்குத் தெரியணும்."

"எங்கேன்னு தேடுவீங்க? ஏழு மாடி, நானூறு ரூம்."

"காத்தோட்டமான இடம் ஒண்ணுதானே இருக்கு."

மொட்டை மாடியில் வெயில் கொளுத்தியது. தண்ணீர்த் தொட்டியின் நிழலில் காலி தெர்மோகோல் பெட்டிகள் நாற்பது ஐம்பது அடுக்கியிருந்தன. மருந்துக் கம்பெனி லாரி வரும்வரை இங்கேதான் கிடக்கும் போலிருக்கிறது. எல்லாம் ஒரே அச்சு, ஒரே வெள்ளை.

"ஒவ்வொண்ணாத் தூக்கிப் பாக்கட்டுமா? முதுகு போனா நீங்கதான் எண்ணெய் தேய்க்கணும்."

"தூக்க வேண்டாம். படிச்சாலே போதும்."

அண்ணி விரல் நீட்டிய இடத்தில், மூன்றாவது அடுக்கின் கீழ்ப் பெட்டியில், ஒரு துண்டு டேப் ஒட்டியிருந்தது. அதில் பேனாவால் பொடி எழுத்து.

6.10, மைனஸ் 78. 9.10, மைனஸ் 77. 12.10, மைனஸ் 75.

நொறுக்ஸ் வாய்விட்டுச் சிரித்துவிட்டான். "திருடின சாமானுக்கு ஜுரம் பாத்து எழுதி வெச்சிருக்கா! இப்படியும் ஒரு திருடியா?"

"கை தானா எழுதிடும்னு அவளே சொன்னாளே. மூணு மணி நேரத்துக்கு ஒரு தடவை. அடுத்தது எப்போ?"

"மூணு பத்துக்கு." அவன் கைக்கடிகாரத்தைப் பார்த்தான். மூணு ஆக இன்னும் அஞ்சு நிமிஷம் இருந்தது. "நாம ரெண்டு பேரும் மோப்பம் பிடிச்சுட்டுத் திரியறது தெரிஞ்சும் வருவாளா?"

"வருவா. அந்தக் கட்டம் காலியா இருந்தா அவளுக்கு இருப்புக் கொள்ளாது."

தொட்டிக்குப் பின்னால் ஒண்டிக்கொண்டார்கள். மூணு ஒன்பதுக்குக் கதவு கிறீச்சிட்டது. மருந்தாளர் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் குனிந்தாள். குளிர்மானியைப் பார்த்தாள். பேனாவைத் திறந்தாள்.

"மைனஸ் எவ்வளவு?" என்றாள் அண்ணி.

அந்தப் பெண் அலறவில்லை. "எழுபத்து நாலு," என்றாள். எழுதி முடித்துவிட்டுத்தான் நிமிர்ந்தாள்.

"யாரும்மா நீ?"

"என்னைத் தெரியலையா அக்கா? பாய்லர்காரர் பொண்ணு. அப்ப நான் ஹாஸ்டல்ல படிச்சுட்டிருந்தேன். உங்க மேல முதல் பிடி மண்ணை வாரிப் போட்டது எங்கம்மா."

அண்ணியின் முகம் இறுகியது. அந்த மண் கண்ணுக்குள் போய் ரெண்டு நாள் உறுத்தியதை நொறுக்ஸ் அறிவான்.

"நாலஞ்சு மாசம் முன்னாடி வரைக்கும் உங்க வீட்டுக்காரர்தான் பூட்டினார்னு நானும் நம்பினேன்," என்றாள் அந்தப் பெண். "கிட்னியை எடுத்துட்டு மயக்கம் தெளியற நேரத்துல, 'சாவி என் பையில இருக்கு, காரைத் திருப்பு'ன்னு அந்தாள் கத்தினாராம். நர்ஸுங்க மருந்தறைக்கு வந்து சொல்லிச் சொல்லிச் சிரிச்சாங்க. எனக்கு மட்டும் சிரிப்பு வரலை."

"அவர் எழுதி ஒட்டலைன்னா என்ன பண்றதா இருந்தே?"

"நாலு மணிக்குக் குப்பியைக் கொண்டு போய் வார்டுல குடுத்திருப்பேன். என் வேலை அது."

"குடுத்திருப்பியா?" நொறுக்ஸுக்குக் குரல் பிசிறியது. "உங்கப்பா உள்ளே வெந்துட்டிருந்தப்ப சாவியைப் பையில வெச்சுக்கிட்டு காருல போனவனுக்கு, உயிர் மருந்தை உன் கையால கொண்டு போய்க் குடுப்பியா? எங்கண்ணன் கதவைத் தட்டித் தட்டியே கையெல்லாம் பிஞ்சு கிடந்தான். அடையாளம் காட்டினவன் நான். பதினேழு வயசு எனக்கு."

சொல்லிக்கொண்டே பெட்டி மூடியைப் பிடுங்கி எறிந்தான். வெள்ளைப் புகைக்குள் கையை விட்டான். சுண்டுவிரல் அளவுக் குப்பி நெருப்பாகச் சுட்டது. "தம்பி, வேண்டாம்!" என்று அண்ணி பாய்வதற்குள் அதைத் தரையில் அடித்து, ஷூ காலால் ஓங்கி மிதித்தான். கண்ணாடி நொறுங்கியது. மறுபடி மிதித்தான். உள்ளே உறைந்திருந்த சின்னத் துண்டும் தூளாகும்வரை மிதித்தான்.

"ஒன்பது வாரம் உழைச்சு செஞ்சாங்களாம்," என்றான் மூச்சு வாங்க. "போச்சு. சாகட்டும்."

சொன்ன பிறகுதான் ஒரு மனிதனைக் கொன்றுவிட்டோம் என்று புத்திக்கு உறைத்தது. அது சந்தோஷமாக இருந்தது. சந்தோஷமாக இருந்ததே அவனுக்குப் பயமாகவும் இருந்தது.

அண்ணி அவனைப் பார்க்கவில்லை. அந்தப் பெண்ணின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த முகத்தில் ஒரு சுருக்கம்கூட விழவில்லை.

"அந்தக் குப்பி தண்ணியா, மருந்தா?" என்றாள் அண்ணி.

"அதை நான் சொல்லக் கூடாதுக்கா. கையெழுத்துப் போட்டிருக்கேன்."

"திருடலாம், ரகசியத்தை மட்டும் சொல்லக் கூடாதாக்கும்!" என்று பொரிந்தான் நொறுக்ஸ்.

"ஆமா," என்றாள் அவள்.

"சரி, சொல்ல வேண்டாம்," என்றாள் அண்ணி. "வேற ஒண்ணு கேக்கறேன். நாலு மணிக்கு அவருக்குப் போட வேண்டிய ஊசியை, அவருக்குச் சேர வேண்டியது எதுவோ அதையேதான், மறுபடி தயார் பண்ண உனக்கு எவ்வளவு நேரம் ஆகும்?"

அந்தப் பெண் கொஞ்சம் யோசித்தாள். ரகசியத்தையும் உடைக்காமல், பொய்யும் சொல்லாமல் பதில் சொல்லலாமா என்று யோசித்திருப்பாள்.

"அஞ்சு நிமிஷம்," என்றாள்.

நொறுக்ஸ் கீழே கிடந்த கண்ணாடித் தூளைப் பார்த்தான். ஒன்பது வாரத்து மருந்து அஞ்சு நிமிஷத்தில் வராது. அஞ்சு நிமிஷத்தில் தயாராகிற சங்கதி ஒன்றே ஒன்றுதான்.

"உப்புத் தண்ணியா?" என்றான். "நான் மிதிச்சது உப்புத் தண்ணியையா?"

"கீழே சுவத்துல ஒட்டியிருந்ததைப் படிச்சியா?" என்றாள் அண்ணி. "மருந்து உள்ளே போனா அநேகமா எல்லாருக்கும் காய்ச்சலும் கைவீக்கமும் வரும்னு போட்டிருக்கு. நம்ம இரும்பு உடம்புக்கு மூணு ஊசிக்கும் ஒண்ணும் வரலை. இந்தப் பொண்ணு அவர் கிட்டேயிருந்து எதையும் திருடலை. அவர் நினைச்சுக்கிட்டிருக்கற ஒண்ணைத்தான் எடுத்துட்டு வந்திருக்கா."

மருந்தாளர் பேனாவை மூடிப் பையில் செருகினாள்.

நொறுக்ஸ் தொட்டிச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டான். கொலைகாரன் ஆகாமல் தப்பித்த நிம்மதி ஒரு பக்கம், அந்த ஆள் தப்பித்துவிட்டானே என்கிற ஆத்திரம் ஒரு பக்கம். அண்ணி அவனுக்கு எதிரே குந்தினாள்.

"அவன் செத்தா யாருக்கு என்ன லாபம்? சாவி யார் பையில இருந்ததுன்னு தெரிஞ்ச ஒரே வாயும் மூடிக்கும். எனக்கு அந்த வாய் வேணும். எழுந்திரு. மூடியை எடுத்துப் பெட்டியை மூடு."

மூணு முப்பதுக்குப் பெட்டியை முதலாளியின் படுக்கை மேஜையில் கொண்டு போய் வைத்தார்கள். மூடியின் இடுக்கு வழியாகப் புகை இழையிழையாகக் கசிந்தது. அதைப் பார்த்ததும் அவர் முகத்தில் உயிர் வந்தது.

"கெட்டிக்காரி! எவன் எடுத்தான்?"

"அது அப்புறம்," என்றாள் அண்ணி, வெள்ளைத் தாளையும் பேனாவையும் பெட்டிமேல் வைத்தபடி. "முதல்ல எழுதுங்க."

"உன்னைக் கூப்பிட்டது பெட்டியைக் கண்டுபிடிக்க."

"கண்டுபிடிச்சாச்சே. மைனஸ் எழுபத்து நாலு. நேரம் ஆக ஆக ஏறும். உங்களுக்குச் சேர வேண்டியது நாலு மணிக்குச் சரியா உங்க கைக்குள்ள ஏறும். அதுக்கு நான் பொறுப்பு. எழுதினா மட்டும்."

"மிரட்டி வாங்கினது கோர்ட்டுல நிக்காது."

"கோர்ட்டுக்கு யார் போறாங்க? அஞ்சு வீடு இருக்கு. அவங்களுக்குப் போதும்."

முதலாளி பெட்டியைப் பார்த்தார். கடிகாரத்தைப் பார்த்தார். மூணு முப்பத்தெட்டுக்குப் பேனாவை எடுத்தார். பீடி குடிக்க ஆட்கள் பின்பக்கம் போகிறார்கள் என்று பின் கதவைத் தானே பூட்டியதையும், தீ என்று போன் வந்தபோது சாவி சட்டைப் பையில் இருந்ததையும், காரைத் திருப்பாமல் போனதையும் எழுதினார். சூப்பர்வைசர் பேரைச் சொன்னது வக்கீலின் யோசனை என்று ஒரு வரி சேர்த்தார். அதிலும் பங்கு போட ஆள் தேடினார். கையெழுத்துப் போட்டார்.

"போதுமா?"

"எழுத்து போதும். இனி வாய்." அண்ணி பெட்டியை நொறுக்ஸிடம் மருந்தறைக்குக் கொடுத்தனுப்பினாள்; அவன் திரும்பியதும் தன் செல்போனை ஸ்பீக்கரில் போட்டு அவர் முன்னால் வைத்தாள். "ஒவ்வொரு வீட்டுக்கும் நான் போன் போடறேன். நீங்க யாருன்னு சொல்லிட்டு, இதை அப்படியே படிங்க."

முதல் வீட்டில் ஒரு கிழவர் எடுத்தார். கேட்டுவிட்டு வைத்துவிட்டார். இரண்டாவது வீட்டில் காது கூசும் வசவு. முதலாளி கண்ணை மூடிக்கொண்டார். மூன்றாவது நம்பரை அண்ணி அழுத்தும்போது மருந்தாளர் தட்டில் ஊசியோடு வாசலில் வந்து நின்றாள். ஊசியைச் சுற்றி மழமழவென்று டேப் ஒட்டியிருந்தது. அவர் படித்து முடித்ததும் எதிர்முனையில் ஒரு பெண் குரல் ஓவென்று அழுதது. "பதினோரு வருஷமா தப்பான ஆளைச் சபிச்சேனே! அவ மேல மண்ணை வாரித் தூத்தினேனே!" தட்டு லேசாகக் கிலுகிலுத்தது. முதலாளிக்கு அந்தக் குரலும் தெரியாது, தட்டைப் பிடித்திருந்த கையும் தெரியாது.

நாலாவது வீடு. ஐந்தாவது வீடு. ஐந்தாவதில் அவர் நடுவில் நிறுத்தித் தண்ணீர் கேட்டார். மணி மூணு ஐம்பத்தாறு.

"முடிஞ்சுது. ஊசியைப் போடச் சொல்லு."

"இன்னும் ஒரு வீடு இருக்கு," என்றாள் அண்ணி. "செத்தது ஆறு பேர்."

அவள் நம்பரை அழுத்தினாள். நொறுக்ஸின் சட்டைப் பையில், பிஸ்கட் பொட்டலத்துக்குப் பக்கத்தில், போன் அதிர்ந்தது. அவனுக்கு முதலில் புரியவில்லை. அண்ணி தலையை அசைத்தாள். எடுத்துக் காதில் வைத்தான்.

ரெண்டடி தூரத்தில் இருந்த ஆள், அவன் முகத்தைப் பார்க்காமல், தாளைப் பார்த்துக்கொண்டு படித்தார். ஒவ்வொரு சொல்லும் நேரே ஒரு தடவையும் காதுக்குள் ஒரு தடவையும் கேட்டது. அந்த வரி வந்தது. "பின் கதவைப் பூட்டியது சூப்பர்வைசர் இல்லை. நான்."

நொறுக்ஸ் போனை இன்னும் இறுக்கி அழுத்திக்கொண்டான். கன்னத்தில் வழிந்ததைத் துடைக்கவில்லை.

"சரியா கேக்கலை சார்," என்றான். "சத்தமா, முதல்லேருந்து படிங்க."